கனவாக முடித்துவிடுங்கள்!

1998 பிப்ரவரி 11 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஓர் அறிவியல் புனைகதைத் தொடரின் பகுதி இப்படி முடிகிறது. விண்வெளி நிலையம் ஒன்றின் தலைவர் கண்ணாடிச் சாளரத்தின் முன் நின்று விண்மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். 1953-ஆம் ஆண்டின் நியூயார்க்கில், பென்னி ரஸல் என்ற எழுத்தாளனாகத் தான் வாழ்ந்ததாக ஒரு காட்சி அவருக்குத் தோன்றி மறைந்திருக்கிறது. அதை மூளையின் மயக்கம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால், அவருக்கு வேறோர் ஐயம் எழுகிறது. ஒருவேளை பென்னி கனவு இல்லையோ? நானும், இந்த நிலையமும், நடந்துகொண்டிருக்கும் போரும், என் மகனும்தான் எங்கோ ஓர் அறையில் அமர்ந்து அவன் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் கதையோ? சாளரக் கண்ணாடியில் தெரியும் பிம்பம் அவருடையதாக இல்லை. மூக்குக்கண்ணாடி அணிந்த பென்னியின் முகம் அதில் தெரிகிறது.

தான் யாரோ எழுதிய பாத்திரம்தானோ என்று ஐயுறும் நாயகர்கள் இலக்கியத்துக்குப் புதியவர்கள் அல்லர். ஆனால், ஏழு ஆண்டுகள் ஓடிய, வணிக நோக்கில் எடுக்கப்பட்ட ஒரு தொலைக்காட்சித் தொடர், தன் நாயகனே தன் உலகத்துக்குள் ஒரு கற்பனைதானோ என்று கேட்கத் துணிவது அரிது. அந்தக் கேள்வி தத்துவ விளையாட்டாகவும் கேட்கப்படவில்லை. ஒரு கதைக்கு என்ன விலை, அதன் நாயகனாக யார் வரலாம், வாசகர் எதைக் காசு கொடுத்து வாங்குவார் என்று ஓர் இதழ் அலுவலகத்தில் நடக்கும் பேரத்திலிருந்து அது பிறக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி எழுத வந்ததற்கு அந்தப் பேரமே காரணம்.

தொடரின் பெயர் 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்'. 1993 ஜனவரியில் தொடங்கி 1999 ஜூனில் முடிந்தது. கதை நிகழ்வது 24-ஆம் நூற்றாண்டில். நாயகன் பெஞ்சமின் சிஸ்கோ, ஸ்டார் ட்ரெக் தொடர்களில் முதன்மை நாயகனாக வந்த முதல் கறுப்பினத்தவர். அவராக நடித்த ஏவரி புரூக்ஸ், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நாடகக் கலை கற்பித்த பேராசிரியர். முந்தைய தொடர்களின் கிர்க்கும் பிகார்டும் முதல் காட்சியிலேயே 'கேப்டன்'களாக அறிமுகமானவர்கள். சிஸ்கோவோ 'கமாண்டர்' என்ற கீழ்நிலைப் பதவியில் தொடங்கி, மூன்றாம் ஆண்டின் முடிவில் 1995-இல்தான் கேப்டன் ஆனார். அதற்குக் கதைக்குள் காரணம் உண்டு. இருந்தாலும், பதவி உயர்வுக்கான கோப்பு எப்படி நகரும் என்பதை அறிந்த கல்லூரி ஆசிரியனுக்கு அது உறுத்தாமல் இருப்பதில்லை.

இந்தக் குறிப்பிட்ட பகுதியின் தலைப்பு 'ஃபார் பியாண்ட் த ஸ்டார்ஸ்', அதாவது விண்மீன்களுக்கும் வெகு அப்பால். மூலக்கதை மார்க் ஸ்காட் ஸிக்ரீயுடையது. சிஸ்கோவின் மகன் 1950-களுக்குச் சென்று அறிவியல் புனைகதை எழுத்தாளர்களைச் சந்திப்பதாகவே அவர் முதலில் யோசித்திருந்தார். தொடரின் தயாரிப்பாளர் ஐரா ஸ்டீவன் பெர், மகனுக்குப் பதிலாகத் தந்தையை அங்கே வைத்தார். நிறவெறியைக் கதையின் மையமாக்கினார். ஹான்ஸ் பெய்ம்லருடன் சேர்ந்து அவர் எழுதிய திரைக்கதையை ஏவரி புரூக்ஸே இயக்கினார். ஆண்டுக்கணக்கில் வேற்றுலகவாசிகளின் ஒப்பனைக்குள் மறைந்திருந்த நடிகர்கள் பலர் இதில் சொந்த முகத்தோடு வருகிறார்கள்.

பென்னி ரஸல், 'இன்கிரெடிபிள் டேல்ஸ்' என்ற மலிவு விலை இதழில் வேலை பார்க்கும் கறுப்பின எழுத்தாளர். எழுத்தாளர்களின் முகத்தைப் பார்க்க வாசகர்கள் விரும்புவதால் அலுவலகத்தில் குழுப்படம் எடுக்க ஏற்பாடாகிறது. அன்று காலை இரண்டு பேர் மட்டும் தாமதமாக எழுந்துகொள்ளலாம் என்று ஆசிரியர் டக்ளஸ் பாப்ஸ்ட் நயமாகச் சொல்கிறார். ஒருவர் பென்னி. மற்றவர் கே ஈட்டன் என்ற பெண், கே.சி. ஹன்டர் என்ற பெயரில் எழுதுபவர், வாசகர்கள் ஆண் என்று நம்பிக்கொண்டிருப்பவர். இந்தப் பாத்திரத்தைப் பார்ப்பவர்களுக்கு சி.எல். மூர் என்ற உண்மையான எழுத்தாளர் நினைவுக்கு வருவார். ஆனால், ஒரு சிறு திருத்தம் தேவை. மூர் முதலெழுத்துகளின் பின்னால் ஒளிந்தது வாசகர்களுக்கு அஞ்சி அல்ல. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அவர் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். கதை எழுதி வேறு வருமானம் ஈட்டுவது முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற அச்சமே காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஓவியர் வரைந்து வைத்திருக்கும் ஒரு விண்வெளி நிலையத்தின் படம் பென்னியை ஈர்க்கிறது. அதற்கு அவர் கதை எழுதுகிறார். நிலையத்தின் தலைவர் பெஞ்சமின் சிஸ்கோ என்ற கறுப்பினத்தவர். அலுவலகத்தில் எல்லோரும் படித்துவிட்டு வியக்கிறார்கள். பாப்ஸ்டும் கதை நன்றாக இருப்பதாகவே சொல்கிறார். ஆனால், வெளியிட முடியாது. கறுப்பின நாயகனை வாசகர் ஏற்க மாட்டார். தலைவரை வெள்ளையராக மாற்றினால் யோசிக்கலாம் என்கிறார்.

அவர் தெருவில் வாழும் ஜிம்மி என்ற இளைஞனுக்கும் இந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. நம்மவர்களை அவர்கள் விண்வெளிக்கு அழைத்துச் சென்றால், காலணிக்கு மெருகேற்றத்தான் அழைத்துச் செல்வார்கள் என்பது அவன் ஏளனம். ஜிம்மியின் கணிப்பு வரலாற்றிலிருந்து அதிகம் விலகிவிடவில்லை. 1960-களின் தொடக்கத்தில் விண்வெளி வீரராகும் பயிற்சியில் இருந்த விமானப்படை அதிகாரி எட் டுவைட், 1963-இல் நாசா அறிவித்த வீரர்கள் பட்டியலில் இடம்பெறவில்லை. கறுப்பின அமெரிக்கர்களில் முதன்முதலாக விண்வெளி சென்ற கையன் புளூஃபோர்டு 1983-இல்தான் சென்றார். எட் டுவைட் 2024 மே மாதம், தனியார் விண்கலம் ஒன்றில், தன் 90-ஆவது வயதில் சில நிமிடங்கள் அங்கே சென்று திரும்பினார்.

பாப்ஸ்டின் வாதத்துக்கு வருவோம். அவர் கொடியவர் அல்லர். பென்னிக்கு வேலை கொடுத்திருப்பவர், அவருடைய எழுத்தை மதிப்பவர். தனக்கு எந்த வெறுப்பும் இல்லை, தான் சந்தைக்குக் கட்டுப்பட்டவன் என்பதே அவர் நிலை. 1957-இல் வெளிவந்த 'பாகுபாட்டின் பொருளாதாரம்' என்ற நூலில் கேரி பெக்கர் இந்த நிலையை அலசியிருக்கிறார். பின்னாளில், 1992-இல், நோபல் பரிசு பெற்ற பெக்கருக்கு முன்னர், பாகுபாட்டைப் பொருளியலாளர்கள் பெரும்பாலும் சமூகவியலாளர்களின் பொறுப்பில் விட்டிருந்தார்கள். பெக்கர் அதையும் ஒரு நுகர்வாகக் கருதினார். சிலருக்குக் காப்பி பிடிக்கும். சிலருக்குக் குறிப்பிட்ட மக்களைத் தள்ளி வைப்பது பிடிக்கும். அந்த விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ள ஏதோ ஒரு விலையைக் கொடுக்கவும் அவர்கள் ஆயத்தமாக இருப்பார்கள்.

இந்த விருப்பம் மூன்று இடங்களில் குடியிருக்கலாம் என்றார் அவர். முதலாளியிடம் இருக்கலாம், உடன் வேலை பார்ப்பவர்களிடம் இருக்கலாம், வாடிக்கையாளரிடம் இருக்கலாம். முதலாளியிடம் இருந்தால் அதன் செலவு அவர் தலையில் விழும். திறமையுள்ள ஒருவரை அவர் ஒதுக்கினால், அந்த வெறுப்பு இல்லாத போட்டியாளர் அதே திறமையைக் குறைந்த ஊதியத்துக்குப் பெற்று முன்னேறிவிடுவார். ஆகவே, போட்டி மிகுந்த சந்தையில் இவ்வகைப் பாகுபாடு நாளடைவில் தேயும் என்பது கோட்பாடு. அப்படித் தேய்ந்ததாக வரலாறு சொல்லவில்லையே என்று கென்னத் ஆரோ போன்றவர்கள் கேட்டது தனிக் கதை. ஆனால், வெறுப்பு வாடிக்கையாளரிடம் இருந்தால் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. அப்போது பாகுபாடு காட்டும் கடைக்காரருக்கு இழப்பில்லை. காட்ட மறுப்பவருக்கே இழப்பு. சந்தை அதைத் திருத்தாது, வளர்க்கும். வகுப்பில் இதை விளக்கும்போது, மூன்றாவது வகையே மருந்தில்லாத நோய் என்று சொல்வது என் வழக்கம்.

பாப்ஸ்ட் நிற்பது இந்த மூன்றாவது இடத்தில். அது பாதுகாப்பான இடம். அங்கே நிற்பவரை ஒழுக்கக்கேடர் என்று சொல்ல முடியாது; கணக்குப் பார்ப்பவர் என்றுதான் சொல்ல முடியும்.

இந்தப் பகுதியை நான் ஓய்வுபெற்ற பின்னர்தான் பார்த்தேன். பெக்கரைப் பாடம் நடத்திய காலத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி ஒன்று அப்போது தோன்றியது. வாசகர் ஏற்க மாட்டார் என்பது பாப்ஸ்டுக்கு எப்படித் தெரியும்? அத்தகைய கதை ஒன்றை அவர் இதுவரை வெளியிட்டதில்லை. விற்பனை குறைந்ததைப் பார்த்ததில்லை. தேவைக் கோடு என்று நாங்கள் கரும்பலகையில் வரைவது, கடைக்கு வந்த பொருளுக்கு மட்டுமே கணக்கிடக்கூடியது. கடைக்கே வராத பொருளை யாரும் வாங்கவில்லை என்பதை, அதை யாரும் விரும்பவில்லை என்பதற்குச் சான்றாகக் காட்ட முடியாது. கறுப்பின நாயகனைக் கண்டதும் இதழைத் தூக்கி எறியும் அந்த வாசகரைப் பாப்ஸ்ட் ஒருபோதும் சந்தித்ததில்லை. அவரே உருவாக்கி, குணம் கொடுத்து, வசனமும் கொடுத்த பாத்திரம் அது. அந்த அலுவலகத்தில் முழுக்க முழுக்கக் கற்பனையான ஆள் ஒருவர் உண்டென்றால், அவர் பெஞ்சமின் சிஸ்கோ அல்லர். பாப்ஸ்ட் சொல்லும் 'வாசகர்'.

நல்ல வேளையாக, பொருள் கடைக்கு வந்த நிகழ்வுகள் சில உண்டு. 1947-இல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் பேஸ்பால் அணியில் சேர்க்கப்பட்டபோது, வெள்ளையின ரசிகர்கள் வரமாட்டார்கள் என்ற அச்சம் இருந்தது. அவ்வாண்டு அந்த அணியின் சொந்த மைதானத்துக்கு 18 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். பேஸ்பால் சிஸ்கோவின் உயிர்மூச்சு என்பதைத் தொடரைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இன்னொரு நிகழ்வு, கதை நடக்கும் அதே 1953-இல். ஈ.சி. காமிக்ஸ் நிறுவனத்தின் 'வியர்டு ஃபேன்டசி' இதழில் 'ஜட்ஜ்மென்ட் டே' என்ற படக்கதை வந்தது. பூமியிலிருந்து ஒரு விண்வெளி வீரர், இயந்திர மனிதர்கள் வாழும் ஒரு கோளுக்குச் செல்கிறார். விண்மீன் குடியரசில் சேரும் தகுதி அவர்களுக்கு இருக்கிறதா என்று ஆராய்வது அவர் பணி. ஒரே பொறியமைப்புடைய இயந்திரங்கள், மேலுறையின் நிறத்தால் ஆரஞ்சு என்றும் நீலம் என்றும் பிரிந்திருக்கின்றன. நீல இயந்திரங்களுக்குத் தனிக் குடியிருப்பு, கீழான வேலை. தகுதி இல்லை என்று தீர்ப்பளித்துவிட்டு வீரர் கலத்துக்குத் திரும்புகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் கறுப்பினத்தவர்.

அதை வரைந்தவர் ஜோ ஒர்லாண்டோ, எழுதியவர் ஆல் ஃபெல்ட்ஸ்டைன், வெளியிட்டவர் வில்லியம் கெய்ன்ஸ். வெளிவந்தபோது வானம் இடிந்து விழவில்லை. பின்னர் காமிக்ஸ் துறை தனக்குத்தானே ஒரு தணிக்கை அமைப்பை ஏற்படுத்திக்கொண்டது. 1956 தேதியிட்ட இதழ் ஒன்றில் அதே கதையை மறுபதிப்புச் செய்ய முயன்றபோது, அந்த அமைப்பின் தலைவரான நீதிபதி சார்ல்ஸ் மர்ஃபி, வீரர் கறுப்பினத்தவராக இருக்கக் கூடாது என்றார். கதை சொல்வதே அதைத்தானே என்று ஃபெல்ட்ஸ்டைனும் கெய்ன்ஸும் வாதிட்டார்கள். செய்தியாளர்களிடம் போவோம் என்று எச்சரித்தார்கள். கதை மாற்றமின்றி வெளிவந்தது. தடை வாசகரிடமிருந்து வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாசகரின் பெயரால் பேச அமர்த்தப்பட்டவரிடமிருந்து வந்தது.

மூன்றாவது நிகழ்வு பென்னியின் கதைக்கு இன்னும் நெருக்கமானது. சாமுவேல் டிலேனி என்ற கறுப்பின எழுத்தாளர் 1966, 1967 ஆண்டுகளின் நாவல்களுக்காக அடுத்தடுத்து நெபுலா விருது பெற்றவர். அவருடைய 'நோவா' நாவலைத் தொடராக வெளியிடக் கோரி 'அனலாக்' இதழுக்கு அனுப்பினார்கள். நாயகனின் தாய் ஆப்பிரிக்காவின் செனகலைச் சேர்ந்தவர், தந்தை நார்வேயர். ஆசிரியர் ஜான் காம்ப்பெல், நாவல் தனக்குப் பிடித்திருந்தாலும், கறுப்பின நாயகனோடு தம் வாசகர்கள் ஒன்ற மாட்டார்கள் என்று கூறித் திருப்பிவிட்டதாக டிலேனி எழுதியிருக்கிறார். 1968-இல் 'நோவா' புத்தகமாக வந்தது. மறு ஆண்டு, வாசகர்களின் வாக்கெடுப்பால் அமையும் ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியலில் அது இடம்பெற்றது. ஒன்ற மாட்டார்கள் என்று சொல்லப்பட்டவர்கள் அதைத் தேடிப்பிடித்துப் படித்து வாக்கும் அளித்திருக்கிறார்கள்.

வாசகர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று நான் வாதிடவில்லை. 1953-இல் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி என்பது சட்டம். உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது 1954 மே மாதத்தில். பென்னியின் கதை வெளிவந்திருந்தால் வசைக் கடிதங்கள் வந்திருக்கும், சில சந்தாக்கள் நின்றும் போயிருக்கும். ஆனால், எத்தனை? அந்த எண்ணிக்கையை எண்ணிப் பார்க்காமலே முடிவு எடுக்கப்பட்டது.

பென்னி பின்வாங்கவில்லை. சிஸ்கோவை வைத்து மேலும் ஆறு கதைகள் எழுதிக்கொண்டு வந்து பாப்ஸ்டின் முன் நிற்கிறார். அறையில் வாக்குவாதம் முற்றுகிறது. அப்போது ஆல்பர்ட் என்ற சக எழுத்தாளர் ஒரு வழி சொல்கிறார். இயந்திர மனிதர்களைப் பற்றி எழுதுபவர், திக்கித் திக்கிப் பேசும் மிக நல்ல மனிதர். எல்லாவற்றையும் கனவாக்கிவிட்டால் என்ன? யார் காண்கிற கனவு என்பதைப் பொறுத்தது என்கிறார் பாப்ஸ்ட். வாழ்வில் நம்பிக்கைக்கு இடமில்லாத யாரோ ஒருவன், நல்ல எதிர்காலம் ஒன்றைக் கனவு காண்பதாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாகிறது. பாப்ஸ்ட் மகிழ்கிறார். பென்னியும் மகிழ்கிறார். கதை அச்சேறப் போகிறது.

இந்தக் காட்சியில் நான் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டேன்.

1990-களில், நான் பணியாற்றிய கல்லூரியின் ஆண்டு மலர்க் குழுவில் இருந்தேன். இளங்கலை இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் கதை கொண்டு வந்தார். அவருடைய ஊரைப் போன்ற ஓர் ஊர். காலனித் தெருவைச் சேர்ந்த ஒருவர் ஊராட்சித் தலைவராகி, ஊர் நடுவிலுள்ள கட்டடத்தில் நாற்காலியில் அமர்ந்து கூட்டம் நடத்துகிறார். எதிரே மேல்தெருக்காரர்கள் மனுவோடு நிற்கிறார்கள். அவர் எழுந்து அவர்களை உட்காரச் சொல்கிறார். அவ்வளவே கதை. நான்கு பக்கம். அந்த மலருக்கு வந்தவற்றில் அதுவே சிறந்தது என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை. ஆனால், மலரை வெளியூர்ப் பெரியவர்கள் பார்ப்பார்கள், மாணவர்களிடையே சச்சரவு வரும், அவருக்கே தொல்லை வரும் என்றெல்லாம் எண்ணினேன். "தம்பி, கடைசி வரியில் அவன் கண் விழித்துக்கொண்டான் என்று முடித்துவிடு. யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்" என்றேன். "சரிங்க ஐயா" என்றார். மறுநாள் அந்த வரியோடு கொண்டு வந்தார். அச்சாயிற்று. யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஒரு நல்ல கதையைக் காப்பாற்றிவிட்டதாகவே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். ஒரு சொல்லைக்கூட நான் வெட்டவில்லை. ஒரு வரியைச் சேர்க்கத்தான் சொன்னேன். ஆனால், அந்த ஒரு வரி, முந்தைய நான்கு பக்கங்களின் மதிப்பையும் தள்ளுபடி விலைக்குக் கொண்டுவந்துவிட்டது. நடந்ததாகச் சொல்லப்பட்டதை ஏக்கமாக மாற்றிவிட்டது. சந்தையில் ஒரு பொருளின் மீது விதிக்கப்படும் வரியை விற்பவரும் வாங்குபவரும் பகிர்ந்துகொள்வார்கள் என்று பாடம் நடத்தியிருக்கிறேன். இந்த வரியை அந்த மாணவர் ஒருவரே கட்டினார். யாருடைய கோபத்துக்கு நான் அஞ்சினேனோ அவர்களில் ஒருவரைக்கூட நான் கேட்டுப் பார்க்கவில்லை. அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியும். எண்ணும் என்னிடம் இருக்கிறது. இதுவரை அழைக்கவில்லை.

பென்னியின் கதைக்கு அந்த ஒரு வரியும் பாதுகாப்புத் தரவில்லை. இதழ் வருவதற்கு முன்னர், ஜிம்மியைக் காவலர்கள் சுட்டுக்கொல்கிறார்கள். ஓடிவந்த பென்னியை அடித்து நொறுக்குகிறார்கள். வாரங்கள் கழித்து, கைத்தடியை ஊன்றிக்கொண்டு அலுவலகத்துக்கு வருகிறார். அச்சிட்ட இதழ் அன்று வர வேண்டும். பாப்ஸ்ட் வெறுங்கையோடு வருகிறார். இதழின் உரிமையாளர் ஸ்டோன் அந்த மாதப் பிரதிகள் அனைத்தையும் கூழாக்கச் சொல்லிவிட்டார். பென்னியின் வேலையும் போயிற்று.

ஸ்டோன் கதையில் எங்குமே முகம் காட்டுவதில்லை. ஆனால், பொருளியல் கண்ணோட்டத்தில் அவருடைய செயலே மிகவும் வெளிப்படையானது. காகிதம், அச்சுக்கூலி, மற்ற எழுத்தாளர்களுக்கான தொகை, அந்த மாதத்தின் மொத்த விற்பனை ஆகிய அனைத்தையும் ஒரே ஒரு கதைக்காக அவர் இழக்கிறார். சொல்லப்பட்ட காரணத்திலும் வாசகர் இல்லை. இதழ் வழக்கமான தரத்தில் இல்லை என்பதே காரணம். வெறுப்பை நிறைவேற்றிக்கொள்ள ஒருவர் எவ்வளவு விலை கொடுக்க முன்வருவார் என்று பெக்கர் கேட்டார். இங்கே ரசீதே கிடைத்துவிட்டது. நீண்ட காலத்தில் சந்தாதாரர்கள் விலகுவார்கள் என்று ஸ்டோன் அஞ்சியிருக்கலாம் என்று எவரேனும் வாதிடலாம். எனக்கு அது நம்பும்படியாக இல்லை. இழப்புக்கு அஞ்சுபவர் நிச்சயமான இழப்பை இவ்வளவு விரைவாகத் தேர்ந்தெடுப்பதில்லை. வாடிக்கையாளரிடம் இருப்பதாகச் சொல்லப்பட்ட வெறுப்பு, கடைசியில் பார்த்தால், முதலாளியின் வீட்டிலேயே குடியிருந்திருக்கிறது.

பென்னி அலுவலகத்திலேயே உடைந்து விழுகிறார். இதழை அழிக்கலாம், தான் படைத்த உலகத்தை அழிக்க முடியாது, அது உண்மை, அதில் வாழும் மனிதர்கள் உண்மை என்று கதறுகிறார். ஏவரி புரூக்ஸின் நடிப்பு மிகை என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை.

இங்கே நம் மரபிலிருந்து ஒரு கதையை நினைத்துப் பார்க்கிறேன். ஞானவாசிட்டத்தில் வரும் இலவணன் கதை. அரசவைக்கு வந்த ஒரு மாயவித்தைக்காரனால் இலவண மன்னன் சிறிது நேரம் நினைவிழக்கிறான். அந்தச் சிறுபொழுதுக்குள், புலையர் சேரியில் பெண் எடுத்து, பிள்ளைகள் பெற்று, பஞ்சத்தில் அல்லலுற்று நெடுங்காலம் வாழ்ந்ததாக உணர்ந்து திடுக்கிட்டு விழிக்கிறான். பின்னர் தேடிச் சென்றால், அந்தச் சேரியும் அந்த மக்களும் உண்மையிலேயே இருக்கக் காண்கிறான். சிஸ்கோவின் கதைக்கு இதைவிட நெருங்கிய உறவு உலக இலக்கியத்தில் இருக்குமா என்பது ஐயமே. மனத்தின் ஆற்றலை விளக்க எழுந்த கதை அது. அதன் நோக்கில் அது நிறைவானது. ஆனால், சேரியில் இருப்பவரின் பக்கமிருந்து அது கேட்பதில்லை. அங்கே இருக்கும் ஒருவர் அரியணையில் அமர்ந்த ஒருவனைக் கற்பனை செய்து எழுதியிருக்கலாமே, அந்த அரசனே அவருடைய கதையாக இருக்கலாமே என்ற திருப்பம் அதில் இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று அந்தத் திருப்பத்தைச் செய்தது.

பென்னி மீண்டும் ஒருமுறை வருகிறார். 1998 அக்டோபரில் ஒளிபரப்பான வேறொரு பகுதியில் அவர் மனநல மருத்துவமனையில் இருக்கிறார். காகிதம் கொடுப்பதில்லை. பென்சிலால் அறையின் சுவர் முழுவதும் சிஸ்கோவின் கதையை எழுதி வைத்திருக்கிறார். எழுதியதை நீயே அழித்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லி, வெள்ளையடிக்கும் உருளையை மருத்துவர் அவர் கையில் கொடுக்கிறார். அதே நேரம், நாலு நூற்றாண்டுகள் தள்ளி, ஒரு பாலைவனத்தில் தோண்டியெடுத்த பெட்டியின் முன் சிஸ்கோ திகைத்து நிற்கிறார். திறப்பதா, புதைப்பதா? பென்னி உருளையை எறிந்துவிட்டுப் பென்சிலை எடுத்து, சிஸ்கோ பெட்டியைத் திறக்கிறார் என்று எழுதுகிறார். சிஸ்கோவின் கை பெட்டியைத் திறக்கிறது. மருத்துவமனைக் காட்சிகள் பகைவர்கள் அனுப்பிய மாயத்தோற்றம் என்று தொடர் பின்னர் விளக்கம் சொல்லிக்கொள்கிறது. பார்த்தவர்களுக்கு அந்தப் பென்சில்தான் நினைவில் நிற்கும்.

1999-இல் தொடர் முடியும்போது, கடைசிக் காட்சியில் பென்னியைக் கொண்டுவர ஐரா ஸ்டீவன் பெர் விரும்பியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். படப்பிடிப்புத் தளத்தில், தொடரின் எழுத்துப்படியைக் கையில் பிடித்தபடி பென்னி அமர்ந்திருப்பார்; ஏழு ஆண்டுகள் பார்த்ததெல்லாம் அவருடைய கதை என்றாகும். மேலிடத்தில் அது ஏற்கப்படவில்லை. ரசிகர்கள் பலர் அந்த மறுப்பை இன்றும் குறையாகச் சொல்கிறார்கள். ஒரு கறுப்பின எழுத்தாளருக்குச் சேர வேண்டிய பெருமை கைநழுவியது என்பது அவர்கள் வாதம். நான் அவர்களோடு உடன்படவில்லை. சிஸ்கோ, நம்பிக்கையற்ற ஒருவன் கண்ட கனவு என்று தொடர் முடிந்திருந்தால், பாப்ஸ்ட் 1953-இல் விதித்த நிபந்தனையை 1999-இல் அவர்களே நிறைவேற்றியிருப்பார்கள்.

ஒளிபரப்பான கடைசிக் காட்சியில் சிஸ்கோவின் மகன் ஜேக், நிலையத்தின் சாளரத்தருகே நின்று, தந்தை போன திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். யாரும் கண் விழிப்பதில்லை.